தடுக்கும் இடத்தைக் கேட்டல்: வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பயிற்சி

“கோவில் வாசலில் பூ விற்கும் பாட்டி கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார்.” இந்த ஒரு வாக்கியத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, மதுரை மாவட்டத்தில் ஏதேனும் ஒரு தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்புக்கு எடுத்துச் செல்வோம். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஆசிரியர் காட்டும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் அழைத்து வாசிக்கச் சொன்னால், பெரும்பாலும் மூன்று விதமான வாசிப்புகள் காதில் விழும். ஒரு சிறுமி “கொ... வி... ல்...” என்று எழுத்தெழுத்தாகத் தொடங்கி, ‘பூ’வைப் ‘பு’ என்றும் ‘கூடையை’க் ‘குடையை’ என்றும் வாசித்து, பாதி வழியில் களைத்து நின்றுவிடுவாள். ஒரு சிறுவன் எங்கும் நிற்காமல், “கோயில் வாசல்ல பூ விக்கிற பாட்டி கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறுனாங்க” என்று கடகடவென ஒப்பித்துவிடுவான். மூன்றாவது பிள்ளை ஓர் எழுத்தும் பிசகாமல் அழகாக வாசித்து முடிக்கும்; ஆனால் “பேருந்தில் ஏறியது யார்?” என்று கேட்டால், சற்று யோசித்துவிட்டுக் “கோவில்” என்று சொல்லும்.

மூவரும் ஒரே வகுப்பினர். தேர்வில் மூவரும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறக்கூடியவர்கள். ஆகவே மாலையில் நடக்கும் குறைதீர் கற்பித்தலில் மூவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. சிறுமிக்கு அந்தத் தாள் எட்டாது. சிறுவனுக்கு அது தேவைப்படாத இடத்தில் தொடங்கித் தேவைப்படும் இடத்துக்கு முன்பே முடிந்துவிடும். மூன்றாவது பிள்ளையோ அதை முழுவதும் சரியாகச் செய்து ‘தேறிவிட்டது’ என்ற பெயரும் வாங்கிவிடும். பிள்ளைக்கேற்ற வாசிப்புப் பயிற்சி என்ற பேச்சு ஏன் எழுகிறது என்பதற்கு இதைவிட நீண்ட முன்னுரை தேவையில்லை.

பிள்ளைக்குப் பிள்ளை பாடம் வேறுபடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் மணலில் அகரம் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொருவன் சுவடி வாசிப்பான். முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1790களில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நம் காலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் ஏணிப் படத்தையும் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்றது. அதில் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. ஏணி எல்லோருக்கும் ஒன்றுதான். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் நிலை சொல்கிறது; அடுத்த படியில் கால் வைக்க விடாமல் தடுப்பது எது என்பதை அது சொல்வதில்லை. ஒரே ‘மொட்டு’க்குள் மேலே கண்ட மூவரும் இருக்கக்கூடும்.

தடையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையிடம் ஒரு பத்தி, ஆசிரியரிடம் அதே பத்தியின் படி ஒன்று, ஒரு பென்சில், மூன்று நான்கு நிமிடம், இவ்வளவு போதும். பிள்ளை தவறாக வாசிக்கும்போது உடனே திருத்தாமல், அது சொன்ன சொல்லை அச்சிட்ட சொல்லுக்கு மேலே அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். உடனுக்குடன் திருத்துவதே கற்பித்தல் என்று பழகிப்போன நமக்கு இது எளிதாக வருவதில்லை. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. பிள்ளை போன பிறகு, எழுதிய தவறுகளை ஓர் ஓரத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை சிதறிக் கிடக்காமல் ஓரிடத்தில் குவிவது தெரியும்.

முதலில் அந்தச் சிறுமி. அவள் எழுத்தே தெரியாதவள் என்று வகுப்பில் பெயர் வாங்கியிருப்பாள். “க, கா, கி, கீ” என்று சொல்லச் சொன்னால் பன்னிரண்டையும் ராகம் தவறாமல் சொல்லி முடிப்பாள். அட்டவணையில் ‘கூ’ ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தாளால் மறைத்துக் கேட்டால், உதடு மெல்ல அசையும். ‘க’விலிருந்து முணுமுணுத்துக்கொண்டே ஏறி ‘கூ’ வரும்போது நிறுத்துவாள், சில நேரம் ஒரு படி முன்பே ‘கு’வில் நின்றுவிடுவாள். அவளிடம் இருப்பது பாட்டு. எழுத்து இன்னும் அந்தப் பாட்டிலிருந்து பிரிந்து வரவில்லை. பலருக்கு இதை நேரில் பார்க்கும்வரை நம்ப முடிவதில்லை. சுவர் முழுக்க 247 எழுத்துகளை எழுதிவைத்து நாள்தோறும் கூட்டாகச் சொல்லவைப்பது இவளுக்கு ஏற்கெனவே கைவந்ததையே மேலும் பழக்குகிறது.

உகர, ஊகாரக் குறியீடுகளில் பிள்ளைகள் தடுக்குவதற்குத் தமிழ் எழுத்தின் அமைப்பே ஒரு காரணம். ஆகாரத்துக்கு எங்கும் ஒரே கால். இகரத்துக்கு ஏறக்குறைய எங்கும் ஒரே மேல்விலங்கு. உகரமோ கு, டு, மு, ரு, ழு, ளு என்று ஒரு விதமாகவும், சு, பு, யு, வு என்று இன்னொரு விதமாகவும், து, நு, ணு, லு, று, னு என்று வேறொரு விதமாகவும் வளைகிறது. ‘து’ தெரிந்த பிள்ளை ‘நு’வை ஊகித்துவிடலாம், ‘கு’வை ஊகிக்க முடியாது. ‘கூ’, ‘சூ’ இரண்டும் யாரோடும் சேராமல் தனியாக நிற்கின்றன. ஆகவே மெய் வரிசையில் க, ங, ச என்று போவதைவிட, வடிவம் ஒத்த குடும்பங்களாகப் பிரித்துக் கொடுப்பது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும். எகரம், ஏகாரம், ஒகரம், ஓகாரம் வேறு வகைச் சிக்கல். ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, ‘கொ’வில் குறியீடு எழுத்தை இருபுறமும் கவ்விக்கொள்கிறது, ‘கொ’வையும் ‘கோ’வையும் வேறுபடுத்துவது கொம்பின் மேல் இருக்கும் ஒரு சுழிதான். குறிலையும் நெடிலையும் இப்படிப் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம், மதுரை மிஷனைச் சேர்ந்தவராக இங்கு வந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது. பெரியவர்களே நெடுங்காலம் சூழலை வைத்து ஊகித்து வாசித்த வேறுபாட்டில் எட்டு வயதுப் பிள்ளை தடுமாறுவதைக் கண்டு நாம் பதறுகிறோம்.

இவளுக்கான பயிற்சி குறில் நெடில் மாறினால் பொருளும் மாறிவிடும் சொற்களைச் சுற்றி அமைய வேண்டும்: பல், பால், விடு, வீடு, முடி, மூடி, குடம், கூடம், எடு, ஏடு, தொடு, தோடு. ஒரு நாளைக்கு இரண்டு இணைகள் போதும். அட்டையைக் காட்டிப் பொருளைச் செய்துகாட்டச் சொன்னால் (முடியைத் தொடு, மூடியைத் தொடு) குறியீட்டைக் கவனிக்காமல் விளையாட்டில் வெல்ல முடியாது. தொடர்ந்து வாக்கியத்துக்குள்ளும் இதே கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர், ‘குடையைத் தூக்கிக்கொண்டு’ என்று வாசித்த சிறுமியிடம், “குடைக்குள்ள பூவ வச்சா விப்பாங்க, தாயி?” என்று மட்டும் கேட்டார். சிறுமி தாளைத் திரும்பப் பார்த்தாள். “இல்ல டீச்சர்... கூடை!” அவளே கண்டுபிடித்த அந்த நெடில், பத்து முறை திருத்திச் சொல்லியிருந்தால் நிற்கக்கூடியதைவிட உறுதியாக அவளிடம் நின்றது என்பதை மறுநாள் வாசித்தபோது பார்த்தேன்.

அடுத்து அந்தச் சிறுவன். இவனைத் தவறாக மதிப்பிடுவதுதான் அதிகம் நடக்கிறது. ‘பூ’, ‘பாட்டி’ தவிர, அச்சில் இருந்த எந்தச் சொல்லையும் அவன் அப்படியே சொல்லவில்லை. ஆனால் முழுப் பொருளையும் பிடித்துக்கொண்டான். எழுத்துத் தமிழை வாசித்த கணத்திலேயே தன் வீட்டுத் தமிழுக்கு மாற்றிவிட்டான். ‘தூக்கிக்கொண்டு’ என்பதைத் ‘தூக்கிக்கிட்டு’ என்று சொல்ல, முதலில் ‘தூக்கிக்கொண்டு’ ஓரளவாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். இவனைத் “தப்பு, தப்பு” என்று அதட்டினால், பொருள் தேடும் நல்ல பழக்கத்தை விட்டுவிட்டு, அவனும் அந்தச் சிறுமியைப்போல எழுத்தெழுத்தாகத் தடவத் தொடங்குவான்.

ஆனாலும் இவனிடம் ஒரு குறை உண்டு. இவன் சொல்லின் தலையைப் பார்த்துவிட்டு வாலை ஊகிக்கிறான். ஆங்கிலப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட வாசிப்புக் கையேடுகள் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லும் உத்தியைத் தருவது உண்டு. தமிழில் அதை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் தமிழ்ச் சொல்லில் காலமும் திணையும் பாலும் எண்ணும் வேற்றுமையும் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தால்’ ஐந்துக்கும் தலை ஒன்றே. ‘மரத்தை, மரத்தில், மரத்தால், மரத்துக்கு’ என்பவற்றை ‘மரம்’ என்று ஊகித்து வாசித்தால் கதை சில வரிகள் ஓடும், அறிவியல் பாடம் ஓடாது. எனவே இவனுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி சொல்லின் வாலில் இருக்கிறது. ஒரே அடிச்சொல்லை எழுதி, விகுதிகளைத் தனிச் சீட்டுகளாக வைத்து, ஒட்ட ஒட்டப் பொருள் மாறுவதைப் பார்க்கவைக்கலாம். அவனையே கதை சொல்லச் சொல்லி, “அங்கிட்டுப் போனேன், இம்புட்டுப் பெரிய மாடு நின்னுச்சு” என்று அவன் சொல்வதை அப்படியே பலகையின் ஒரு பக்கத்தில் எழுதி, மறுபக்கத்தில் புத்தகத் தமிழில் எழுதி, இரண்டுக்கும் நடுவே எந்தெந்த எழுத்து மாறுகிறது என்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். தன் பேச்சு பலகையில் ஏறிய பிள்ளை அதை வாசிக்க மறுத்து நான் பார்த்ததில்லை.

ழகரம் பற்றி இங்கே ஒரு சொல். மதுரைப் பக்கத்தில் ‘வாழைப்பழம்’ பல வீடுகளில் ‘வாளப்பளம்’தான். பிள்ளை அப்படி வாசித்தால் அது எழுத்தை அறியாமை ஆகாது. ‘ழ’வையும் ‘ள’வையும் எழுதிக்காட்டி எது எது என்று கேட்டால் சரியாகக் காட்டும். உச்சரிப்பைத் தனி நேரத்தில் பழக்கலாம். வாசிப்பின் நடுவே நிறுத்தி நாக்கை மடிக்கச் சொல்வது வாசிப்பையும் கெடுக்கிறது, உச்சரிப்பையும் திருத்துவதில்லை.

மூன்றாவது பிள்ளையைத்தான் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அதன் குறை காதில் விழாது. வாசித்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கற்பலன் என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் எழுதினார்கள். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். தமிழ் எழுத்து ஒலியோடு நெருங்கி நடப்பதால், பொருள் ஒன்றும் புரியாமலே ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துவிட இங்கே முடிகிறது. அந்த வசதியே ஏமாற்றமாகிவிடுகிறது. எங்களில் பலர் தேவாரத்தை அப்படித்தான் வாசித்து வளர்ந்தோம்.

புரியாமைக்கும் காரணங்கள் பல. மதுரை நகருக்குள் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் தலைமுறைகளாக இருக்கின்றன, பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. அண்மைக் காலமாக வடமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். பல தலைமுறையாக இங்கேயே வாழும் வீட்டுப் பிள்ளைக்குத் தெருவில் பேசும் தமிழ் நன்றாகவே வரும். ‘விற்கும்’, ‘பேருந்து’ போன்ற புத்தகச் சொற்கள்தான் புதிதாக இருக்கும். புதிதாக வந்த பிள்ளைக்கோ தமிழே புதிது. அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவர்கள் மொழியில் நான்கு வேறு ஒலிகளாக இருப்பவற்றைத் தமிழ் ‘க’ என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறது. ‘பத்து’ என்பதில் வன்மையாகவும் ‘பந்து’ என்பதில் மென்மையாகவும் ஒலிப்பது ஒரே தகரம் என்பதைத் தமிழ்ப் பிள்ளை சொல்லை ஏற்கெனவே அறிந்திருப்பதால் தானாகச் சரிசெய்துகொள்கிறது. சொல்லை அறியாத பிள்ளைக்கு அதைக் காதால் கேட்கவைக்க வேண்டும்.

வீட்டுமொழி தமிழாகவே இருந்தும் புரியாத பிள்ளைகளுக்கு வேண்டியது பேச்சு. வாசிக்கும் முன் படத்தைப் பார்த்துப் பேசுவது, ஆசிரியர் வாசித்துக் காட்டுவது, நான்கு வரி முடிந்ததும் “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது ஆகியவையே இவர்களுக்கான பயிற்சி. எழுத்து அட்டைகள் இவர்களுக்கு வீண். வகுப்பே சேர்ந்து உரக்க வாசிக்கும் வழக்கமும் அப்படித்தான். முப்பது குரலில் யார் வாய் மட்டும் அசைகிறது என்று யாருக்கும் தெரியாது.

எழுத்தும் தெரிந்து பொருளும் தெரிந்து, மாட்டுவண்டி வேகத்தில் வாசிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப, ஒரு துணையோடு வாசிக்கவைத்தாலே பெரும்பாலும் போதும்.

இவை எதிலும் அடங்காத தடுமாற்றத்தைப் பார்த்தால் முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும், அடுத்துக் காதை. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில், கரும்பலகை தெரியாமலே ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பைக் கடப்பது விந்தைதான். ஆனால் கிட்டப்பார்வையுள்ள பிள்ளை அதைத் தானாகச் சொல்வதில்லை, உலகமே அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோருடன் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்குக் குறைபாடு எதுவுமில்லை. நடுவில் விட்டுப்போன பாடம்தான் இல்லை. இவை எல்லாம் நீங்கிய பின்னும், சில மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்த பின்னும், ஒரே எழுத்து நாளுக்கு நாள் புதிதாகவே தெரிந்தால், அப்போது வாசிப்பு, எழுத்து போன்ற திறனை மட்டும் பாதிக்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ இருக்குமோ என்று எண்ணி வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரிடம் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று; முறையான மதிப்பீட்டின் பேரில் தேர்வுச் சலுகைகளும் கிடைக்கும். தடுக்கும் பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்ஸியா (வாசிப்பைப் பாதிக்கும் கற்றல் குறைபாடு) என்று பெயரிடுவது இப்போது ஒரு பழக்கமாகி வருகிறது. அதை அவசரமாகச் சொல்வதும் தீங்கு, சொல்லவே கூசுவதும் தீங்கு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர், வகுப்புகள் ஐந்து. செல்லம்பட்டி, சேடபட்டி, கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சிறு பள்ளிகளில் இதுதான் நடைமுறை. அங்கே பிள்ளைக்கொரு பாடத்திட்டம் எழுதச் சொல்வது கேலி. ஆனால் மற்றவர்கள் அட்டை வேலையிலோ எழுத்து வேலையிலோ இருக்கும்போது நாளைக்கு ஐந்து பிள்ளைகளை ஆளுக்கு நான்கு நிமிடம் கேட்டால், 30 பிள்ளைகளை ஆறு வேலை நாளில் கேட்டு முடிக்கலாம். தடைகளும் பிள்ளைக்கொன்றாக இருப்பதில்லை. முப்பது பேரிடமும் நான்கைந்து தடைகளுக்கு மேல் தேறாது. அதன்படி குழு பிரித்தால், ஒரு குழுவில் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் கலந்தே இருக்கும். மாலையில் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் தன்னார்வலர் இருந்தால், அவரிடம் “இவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்” என்று விடாமல், “இவளுக்குக் கொ, கோ மட்டும்” என்று சொல்லி அனுப்பலாம்.

வாசிக்கக் கொடுக்கும் புத்தகத்திலும் இதே பார்வை வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகத் தருகிறது. பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் புத்தகம் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது ஒரே சொல்லாக இருக்கும் மொழியில் அந்தக் கணக்கைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். நீண்ட சொல்லுக்குப் பயப்படும் பிள்ளைக்குப் பேருந்துப் பலகையைவிட நல்ல பாடநூல் கிடையாது. மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், அலங்காநல்லூர், உசிலம்பட்டி ஆகிய சொற்களின் ஒலி அதற்கு முன்பே தெரியும். ‘திருப்பரங்குன்றம்’ என்பதைத் திருப், பரங், குன்றம் என்று மூன்றாக மடித்து வாசித்த பிள்ளை, அதே மடிப்பைப் பாடப் புத்தகத்திலும் போடும். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போக முடிந்தால், எந்தப் புத்தகத்தைத் தானாக எடுக்கிறது, எத்தனை பக்கத்தில் கீழே வைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

குழு நிலையாக இருக்கக் கூடாது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அதே நான்கு நிமிடம் கேட்டு, தடை நீங்கியவரை வெளியே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ‘மெல்லக் கற்போர்’ என்ற பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். பதிவேட்டிலும் மதிப்பெண்ணைவிட ஒரு வரிக் குறிப்பே பயன்படும். மேலூர் ஆசிரியை அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே ஆறாவது வாரம் எழுதியிருந்தது இது: “கூ, பூ, தூ – தனியாகக் காட்டினாலும் சொல்கிறாள். கொ, கோ – வாக்கியத்துக்குள் இன்னும் தடுக்குகிறது. கதையைத் திருப்பிச் சொல்லக் கேட்டேன், பாட்டிக்கு ஒரு பெயரும் வைத்துச் சொன்னாள்.”